முதல் ரைபிளுக்கு எந்த ஸ்கோப்? சின்ன எண்ணைப் பார்த்து வாங்குங்கள்

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் உரிமம் எடுத்து, முதல் போல்ட் ஆக்‌ஷன் ரைபிளையும் (ஒவ்வொரு தோட்டாவுக்கும் கைப்பிடியை இழுத்துத் தள்ளும் வகை) வாங்கியவர்கள் அடுத்துக் கேட்பது ஒரே கேள்விதான்: இதன் மேல் என்ன ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) மாட்டுவது? கடை அலமாரியில் 3-9×40 தொடங்கி 6-24×50 வரை வரிசையாக நிற்கும். பெரிய எண் என்றால் நல்ல சரக்கு என்று நினைத்துக் கடைசியில் நிற்பதை எடுத்துவருபவர்கள் நிறைய. அந்த ஸ்கோப்போடு முதல்முறை காட்டுக்குள் போய், முப்பது மீட்டரில் நிற்கும் மானைக் கண்ணாடிக்குள் தேடித் தேடியே தவறவிடுவார்கள். ஒரே ஸ்கோப்பை எல்லா வேலைக்கும் வைத்துக்கொள்ளப் போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது கோட்டுக்கு இடப்பக்கம் உள்ள சின்ன எண்ணை.

விக்டோரியாவை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. அங்கே அதிகம் வேட்டையாடப்படும் சாம்பர் மான், தமிழ்நாட்டில் கடமான், மிளா என்றும் இலங்கையில் மரை என்றும் நாம் சொல்லும் அதே மான். 1860-களில் கப்பலேற்றிக் கொண்டுபோய் விட்டது இன்று அந்த மாநிலத்தின் கிழக்கு மலைக்காடுகள் முழுக்கப் பரவியிருக்கிறது. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வேட்டையாடுவது குற்றம். விக்டோரியாவில் உரிமத்தோடு, சட்டம் சொல்லும் அளவுள்ள துப்பாக்கியோடு வேட்டையாடலாம்: சாம்பருக்குக் குறைந்தது .270 அங்குலக் குழல், 130 கிரெய்ன் (சுமார் 8.4 கிராம்) எடையுள்ள குண்டு. அதனால் பெரும்பாலும் .270, .308, .30-06 என்ற தோட்டா அளவுகளுக்கான ரைபிள்கள்தான் பயன்படுகின்றன. கீழே உள்ள கணக்குகள் .308-ஐ வைத்துச் சொன்னவை. முறை எல்லாவற்றுக்கும் ஒன்றே.

எண்கள் என்ன சொல்கின்றன

3-9×40 என்றால் உருவம் 3 மடங்கிலிருந்து 9 மடங்கு வரை பெரிதாகும், முன்பக்க லென்ஸின் விட்டம் 40 மி.மீ. இதில் 3 என்ற எண்தான் காட்டில் உங்களைக் காப்பாற்றும். 3 மடங்கில் 100 மீட்டர் தொலைவில் சுமார் 11 மீட்டர் அகலம் கண்ணாடிக்குள் தெரியும். 2 மடங்கில் 17 மீட்டர் வரை. 6-24-ஐ எவ்வளவு குறைத்தாலும் 6 மடங்குதான், அகலம் ஐந்தரை மீட்டருக்குள் சுருங்கிவிடும். அதே 6 மடங்கில் 25 மீட்டரில் நிற்கும் மானைப் பார்த்தால் தெரியும் அகலம் ஒன்றரை மீட்டர்கூட இல்லை. கண்ணாடி நிறையப் பழுப்பு மயிர் தெரியும். அது தோளா, தொடையா, மானா, மரத்தண்டா என்று பிரித்தறிய முடியாது.

சாம்பர் மான் பள்ளங்களில் அடர்ந்த பெரணிக்கும் சவுக்கைப் போன்ற புதருக்கும் நடுவே படுத்திருக்கும். எழுந்து ஓடும்போது உங்களுக்கும் அதற்கும் இடையே நாற்பது மீட்டர் இருக்கலாம். அதே நாளில் எதிர்ச்சரிவில் 200, 250 மீட்டரில் ஒன்று மேயலாம். இந்த இரண்டுக்கும் ஒரே ஸ்கோப் வேண்டும் என்றால் 2-10×42, 2.5-10×42, அல்லது பழைய 3-9×40. எங்கள் தேர்வு முதல் இரண்டில் ஒன்று. 300 மீட்டருக்குள் பெரிய மானைச் சுட 10 மடங்குக்கு மேல் எதற்கும் தேவையில்லை. ஒரு பக்கத்துணையாகச் சொன்னால், அமெரிக்க மரைன் படை 1966-இல் தன் எம்40 ஸ்னைப்பர் ரைபிள்களுக்குத் தேர்ந்தெடுத்ததும் ஒரு 3-9 ரெட்ஃபீல்டு ஸ்கோப்பைத்தான். அவர்கள் சுட்ட தூரம் நாம் சுடப்போவதைவிட வெகு அதிகம்.

1-6×24 போன்ற குறை மடங்கு ஸ்கோப்புகளும் கவர்ச்சியாக இருக்கும். பகலில், நெருக்கமான காட்டில் அவை அருமை. இவற்றின் பலவீனம் 24 மி.மீ. முன்லென்ஸ், அது அந்தி வெளிச்சத்தில் காலை வாரும். ஏன் என்பதை ஒரு வகுத்தலில் சொல்லிவிடலாம்.

முன்லென்ஸ் விட்டத்தை மடங்கால் வகுத்தால், பின்பக்கம் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் விட்டம் கிடைக்கும். 42-ஐ 6-ஆல் வகுத்தால் 7 மி.மீ. 42-ஐ 10-ஆல் வகுத்தால் 4.2 மி.மீ. 24-ஐ 6-ஆல் வகுத்தால் 4 மி.மீ. இருட்டில் இளைஞர்களின் கண்மணி 7 மி.மீ. வரை விரியும், நாற்பதைத் தாண்டியவர்களுக்குப் பெரும்பாலும் 5-6 மி.மீ.தான். ஒளிக்கற்றை கண்மணியைவிடச் சிறியதானால் படம் மங்கும். விக்டோரியாவில் சூரியன் எழுவதற்கு அரை மணி முன்னிருந்து மறைந்து அரை மணி வரை மான் வேட்டைக்கு அனுமதி உண்டு. மான் வெளியே வருவதும் அந்த நேரத்தில்தான். அப்போது மடங்கைக் கூட்டினால் நன்றாகத் தெரியும் என்று வளையத்தைத் திருப்பாதீர்கள், குறையுங்கள். 42 மி.மீ. லென்ஸோடு 6 மடங்கில் வைத்தால் கண் வாங்கக்கூடிய வெளிச்சம் முழுதும் வந்துவிடும்.

இதற்காகவே 56 மி.மீ. லென்ஸ் வாங்குபவர்களும் உண்டு. பரணில் உட்கார்ந்து காத்திருப்பவருக்கு அது சரி. நாள் முழுக்க மலையேறுகிறவருக்கு அது சுமை. ஸ்கோப்பும் உயரமாக உட்காரும், கன்னம் ரைபிள் கட்டையில் படியாமல் தாடையைத் தூக்கிக்கொண்டு பார்க்க வேண்டிவரும்.

கண்ணாடியின் தரம்

பூச்சு இல்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பிலும் சுமார் 4 சதவீதம் வெளிச்சம் எதிரொளித்து வீணாகும். ஸ்கோப்புக்குள் பல லென்ஸ்கள். 16 பரப்புகள் என்று வைத்துக்கொண்டால் பாதிதான் கண்ணுக்கு வந்து சேரும். ஆகவே எல்லாப் பரப்பிலும் பல அடுக்குப் பூச்சு உள்ளதா என்று பாருங்கள். ‘பூசப்பட்டது’ என்று மட்டும் பெட்டியில் எழுதியிருந்தால் அது ஒன்றிரண்டு பரப்பில் ஒரு அடுக்காகவும் இருக்கலாம்.

கடைக்குள் டியூப் லைட் வெளிச்சத்தில் எல்லா ஸ்கோப்பும் நன்றாகத்தான் தெரியும். ஸ்கோப்பை மட்டும் தனியாகக் கையில் வாங்கி, கடைக்காரர் அனுமதியோடு மாலையில் வாசலுக்கு வந்து, எதிர்க் கட்டடத்தின் நிழலான மூலையைப் பாருங்கள். செங்கல்லுக்கு இடையிலான கோடு தெரிகிறதா? விளிம்பில் படம் வளைகிறதா? சூரியன் சாயும் திசைக்குச் சற்று விலகி, சூரியனை நேராகப் பார்க்காமல் நோக்கினால், தரம் குறைந்த கண்ணாடியில் பால் ஊற்றியதுபோல் வெளுப்பு படரும். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஸ்கோப்பை முகத்துக்குக் கொண்டுவந்து கண்ணைத் திறங்கள். கறுப்பு நிழல் இல்லாமல் உடனே முழு வட்டம் தெரிய வேண்டும். இந்தச் சோதனையை உச்ச மடங்கிலும் செய்யுங்கள். பல ஸ்கோப்புகள் தோற்பது அங்கேதான்.

கண்ணுக்கும் பின்லென்ஸுக்கும் இடையே முழு வட்டம் தெரியும் தூரம் 9 செ.மீ.க்குக் குறையாமல் இருக்கட்டும். .308-இன் பின்னுதையில் 7 செ.மீ. தூரம் போதாது. மேட்டுச் சரிவில் மேல்நோக்கிச் சுடும்போது முகம் தானாகவே முன்னால் வரும். ஸ்கோப்பின் விளிம்பு புருவத்தில் பிறைவடிவில் வெட்டும். அந்தத் தழும்போடு திரிபவர்கள் வேட்டைக்காரர்களிடையே குறைவில்லை.

உள்ளே நைட்ரஜனோ ஆர்கானோ நிரப்பி அடைத்த ஸ்கோப்பாக இருப்பதும் முக்கியம். குளிர்ந்த காரிலிருந்து வெளியே எடுக்கும்போது லென்ஸின் வெளிப்புறம் பனிக்கலாம், துடைத்தால் போய்விடும். உள்ளே பனித்தால் அன்றைய வேட்டை முடிந்தது.

குறிக்கோடு, கிளிக், பேரலாக்ஸ்

பொது வேலைக்கு எளிய குறிக்கோடே நல்லது: ஓரங்களில் தடித்து, நடுவில் மெலியும் சிலுவை. லூபோல்ட் நிறுவனம் 1962-இல் டூப்ளெக்ஸ் என்ற பெயரில் கொண்டுவந்த வடிவம் இது. இருட்டான காட்டில் நடுக்கோடு மறைந்தாலும் தடித்த நான்கு கைகளும் கண்ணை நடுவுக்கு இழுத்துச் செல்லும். நடுவில் சிவப்பாக ஒளிரும் சிறு புள்ளி இருந்தால் இன்னும் வசதி. ஆனால் அதன் பிரகாசத்தை அந்தியில் மிகக் குறைவாக வைக்க முடிய வேண்டும். முடியாவிட்டால் புள்ளியின் பளபளப்பு மானையே மறைத்துவிடும்.

குறிக்கோடு எந்தத் தளத்தில் உள்ளது என்பதும் கேட்கப்படும். முதல் தளத்தில் இருந்தால் மடங்கைக் கூட்டும்போது கோடும் பெருக்கும், குறைத்தால் நூலாகும். 2 மடங்கில் காட்டுக்குள் அந்த நூல் கண்ணில் படாது. இரண்டாம் தளத்தில் கோடு எப்போதும் ஒரே தடிமன். அதனால் இந்த வேலைக்கு இரண்டாம் தளம் போதும். ஒரு எச்சரிக்கை: இரண்டாம் தள ஸ்கோப்பில் கீழ்க்கோட்டில் உள்ள தூரக் குறிகள் ஒரே ஒரு மடங்கில்தான் சரி, பெரும்பாலும் உச்ச மடங்கில். 10 மடங்கில் 2 மில் (ஒரு மில் என்பது தூரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) காட்டும் குறி, 5 மடங்கில் 4 மில் ஆகிவிடும். இது தெரியாமல் சுட்டால் மானின் முதுகுக்கு மேலே குண்டு போகும்.

குறியை நகர்த்தும் திருகுமுனையைத் திருப்பும்போது வரும் ஒவ்வொரு படியும் ஒரு கிளிக். அது இரண்டு அளவுகளில் வரும். கால் எம்.ஓ.ஏ. (ஒரு எம்.ஓ.ஏ. என்பது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு) என்றால் 100 மீட்டரில் ஒரு கிளிக்குக்கு 7 மி.மீ. சொச்சம். 0.1 மில் என்றால் சரியாக 10 மி.மீ. மீட்டரில் நினைப்பவர்களுக்கு மில் எளிது. எதுவானாலும் குறிக்கோடும் கிளிக்கும் ஒரே அளவில் இருக்கட்டும். திருகுமுனைக்கு மூடி இருக்க வேண்டும். திறந்த பெரிய திருகுமுனைகள் புதரில் உரசி, பையில் தேய்ந்து, உங்களுக்குத் தெரியாமலே பத்து கிளிக் நகர்ந்திருக்கும்.

பேரலாக்ஸைப் பற்றி இணையத்தில் பயமுறுத்துவார்கள். கண் நடுவிலிருந்து விலகினால் குறி எவ்வளவு நகரும் என்பதுதான் அது. 40 மி.மீ. லென்ஸ், 100 மீட்டருக்கு நிலைநிறுத்திய ஸ்கோப் என்றால், கண் முழுக்க விளிம்புக்குப் போனாலும் 50 மீட்டரில் பிழை 10 மி.மீ., 200 மீட்டரில் 20 மி.மீ. மானின் இதயப் பகுதி ஒரு சாணுக்கு மேல். ஆகவே பக்கவாட்டில் பேரலாக்ஸ் குமிழ் இல்லாத ஸ்கோப்பே மான் வேட்டைக்குப் போதும். முயலுக்குச் சிறிய .22 ரிம்ஃபயர் ரைபிள் வைத்திருப்பவர் மட்டும் 50 மீட்டருக்கு அமைத்ததை வாங்க வேண்டும்.

சிவப்புப் புள்ளி மட்டும் காட்டும் மடங்கில்லாத கருவிகளைப் பற்றியும் கேட்பார்கள். சுவீடனின் எய்ம்பாயிண்ட் 1975-இல் தொடங்கிவைத்தது. இரு கண்ணும் திறந்து மிக வேகமாகச் சுடலாம். ஆனால் 150 மீட்டரில் நிற்பது எது, அதன் பின்னால் என்ன இருக்கிறது என்று அதில் தெரியாது. அதனால் ஒரே கருவியாக அது வேண்டாம். பார்வைச் சிதறல் உள்ளவர்களுக்குப் புள்ளி நட்சத்திரமாகச் சிதறித் தெரியும். அதைக் கருவியின் குறை என்று திருப்பிக் கொடுக்கும் முன், கைபேசிக் கேமராவால் புள்ளியைப் படம் எடுங்கள். படத்தில் வட்டமாக இருந்தால் குறை கண்ணில்தான்.

மாட்டுவது எப்படி

நல்ல ஸ்கோப் வாங்கி, அதை ரைபிளோடு பிடிக்கும் ரிங்கை மலிவாக வாங்கி மாட்டி, குழல் சரியில்லை என்று ரைபிளைக் குறைசொல்வது அடிக்கடி நடக்கிறது. ஸ்கோப் குழாய் 25.4 மி.மீ.யா, 30 மி.மீ.யா என்று பார்த்து அதற்கேற்ற ரிங் வாங்குங்கள். உயரம், முன்லென்ஸுக்கும் துப்பாக்கிக் குழலுக்கும் இடையே 3 மி.மீ. இடைவெளி கிடைக்கிற அளவுக்கு, போல்ட் கைப்பிடி இடிக்காத அளவுக்கு. அதைவிட உயரம் வேண்டாம்.

முதலில் போல்ட்டைக் கழற்றி, குழலின் தோட்டா அறையிலும் மேகசினிலும் தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்யுங்கள். ரிங்குகளைத் தாங்கும் ரெயிலை ரைபிளோடு பிடிக்கும் திருகுகளில் உள்ள எண்ணெயைத் துடைத்துவிட்டு, நீலத் திருகுப்பசை ஒரு சொட்டு இட்டு முறுக்குங்கள். அடிரிங்குகளை ரெயில் பள்ளத்தில் வைத்தபின் இரண்டையும் முன்பக்கமாகத் தள்ளி, பள்ளத்தின் முன்சுவரில் முட்டவிட்டு இறுக்குங்கள். சுடும்போது ரைபிள் பின்னால் உதைக்கும், ஸ்கோப் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கும். அதாவது ரெயிலைப் பொறுத்தவரை முன்னோக்கி நகரப் பார்க்கும். முன்னமே முட்டியிருந்தால் நகர இடமில்லை.

ஸ்கோப்பை வைத்து மேல்ரிங்குகளைத் தளர்வாகப் போட்டு, மடங்கை உச்சத்தில் வையுங்கள். குளிருக்குப் போடும் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி ரைபிளைத் தோளில் ஏந்திக் கண்ணைத் திறங்கள். முழு வட்டம் தெரியும் இடம் வரை ஸ்கோப்பை முன்பின் நகர்த்துங்கள். நின்று ஒருமுறை, படுத்து ஒருமுறை. படுத்தால் கண் தானாக அருகில் வரும், ஆகவே இரண்டுக்கும் நடுவில் நிறுத்துங்கள்.

அடுத்து நேர்நிலை. இருபது மீட்டரில் ஒரு கயிற்றில் கல்லைக் கட்டித் தொங்கவிடுங்கள். ரைபிளை மட்டப்பலகையால் சமப்படுத்தி, குறிக்கோட்டின் செங்குத்துக் கோடு கயிற்றோடு ஒன்றும்வரை ஸ்கோப்பை உருட்டுங்கள். 3 பாகை சாய்ந்திருந்தால், ஒரு மீட்டர் வீழ்ச்சியை ஈடுகட்டும் தூரத்தில் குண்டு 5 செ.மீ. பக்கவாட்டில் போகும். 200 மீட்டருக்குள் இது பெரிதாகத் தெரியாது. ஆனாலும் சாய்ந்த கோட்டைப் பார்த்துப் பழகிய கை ரைபிளையே சாய்த்துப் பிடிக்கத் தொடங்கும்.

மேல்ரிங் திருகுகளைக் குறுக்கும் மறுக்குமாக, ஒவ்வொன்றும் கால் சுற்று என்று முறுக்குங்கள். இரண்டு பக்க இடைவெளியும் சமமாக இருக்கட்டும். பெரும்பாலான ரிங்குகளுக்கு 1.7-லிருந்து 2 நியூட்டன் மீட்டர் போதும். உற்பத்தியாளர் வேறு சொன்னால் அதுவே சரி. முறுக்குவிசை அளக்கும் ஸ்க்ரூடிரைவர் ஒன்று வாங்குவது வீண்செலவல்ல. இந்தத் திருகுகளுக்குப் பசை போடாதீர்கள். பசை ஈரமுள்ள திருகுப் புரியில் அதே முறுக்கு அதிகமாக இறுக்கும், குழாய் நசுங்கும். நசுங்கினால் மடங்கு வளையம் கடினமாகச் சுற்றும், கிளிக்குகள் தாறுமாறாகும். கடைசியில் திருகுக்கும் ரிங்குக்கும் சேர்த்து வெள்ளை பெயிண்டால் ஒரு சிறு கோடு போட்டுவிடுங்கள். கோடு பிரிந்திருந்தால் திருகு தளர்ந்தது என்று பார்த்தவுடன் தெரியும்.

குறிக்கோடு கூர்மையாகத் தெரியும்வரை பின்லென்ஸ் வளையத்தை வெள்ளைச் சுவரையோ வானத்தையோ பார்த்துச் சரிசெய்யுங்கள். இரண்டு விநாடி பார்த்து, கண்ணை எடுத்து, திருப்பி, மறுபடி பாருங்கள். உற்றுப் பார்த்துக்கொண்டே திருப்பினால் கண் தானே மங்கலைச் சரிசெய்துகொண்டு ஏமாற்றிவிடும்.

ஜீரோ செய்தல்

ஜீரோ செய்வது என்றால், குறிவைத்த இடத்தில் குண்டு படும்படி ஸ்கோப்பைத் திருத்துவது. இந்த வேலையைச் சுடுதளத்தில் செய்யுங்கள். மெல்போர்னுக்கு அருகே லிட்டில் ரிவரில் உள்ள ஈகிள் பார்க் போன்ற இடம் வசதி. மணல்மூட்டையில் ரைபிளைத் தாங்கவைத்து, போல்ட்டைக் கழற்றிக் குழல் வழியே 25 மீட்டர் இலக்கைப் பாருங்கள். குழலின் நடுவில் இலக்கு தெரியும்படி நிறுத்தி, ரைபிள் அசையாமல் திருகுமுனைகளைத் திருப்பிக் குறிக்கோட்டையும் இலக்குக்குக் கொண்டுவாருங்கள். இதைச் செய்யாமல் நேரே 100 மீட்டரில் தொடங்கி, ஒரு பெட்டித் தோட்டா தீர்ந்தும் தாளில் ஓட்டை விழாமல் திரும்புகிறவர்கள் உண்டு.

25 மீட்டரில் ஒரு குண்டு. 9 செ.மீ. இடப்பக்கம் பட்டது என்று வையுங்கள். கால் எம்.ஓ.ஏ. கிளிக் 100 மீட்டரில் 7.3 மி.மீ., 25 மீட்டரில் அதில் கால்வாசி, 1.8 மி.மீ. 90-ஐ 1.8-ஆல் வகுத்தால் 50 கிளிக் வலப்பக்கம். மில் ஸ்கோப் என்றால் 36. இந்த நான்கால் வகுப்பதை மறந்து 12 கிளிக் திருப்பிவிட்டு ஸ்கோப் பழுது என்று முடிவுகட்டுவதுதான் சுடுதளத்தில் மிகவும் காணப்படும் பிழை.

25-இல் நடுவுக்கு வந்ததும் 100 மீட்டருக்குப் போங்கள். மூன்று குண்டுகள் சுட்டு, அவற்றின் நடுப்புள்ளியைப் பார்த்துத் திருத்துங்கள். ஒற்றைக் குண்டைத் துரத்தாதீர்கள். குழல் தொடமுடியாத சூடானால் ஆறவிடுங்கள். வேட்டைக் குழல் மெல்லியது, சூட்டில் குண்டுகள் படும் இடம் மாறும். 150 கிரெய்ன் .308-க்கு 100 மீட்டரில் 5 செ.மீ. மேலே படும்படி நிறுத்தினால், 180-190 மீட்டரில் நேராகப்படும், 250-இல் ஏறத்தாழ 12-15 செ.மீ. கீழே. 200 மீட்டர் வரை நடுவில் குறிவைத்தாலே போதும், கிளிக் எண்ண வேண்டாம். தோட்டா மாறினால் இந்த எண்கள் மாறும், ஆகவே வேட்டைக்குக் கொண்டுபோகும் அதே தோட்டாவை 200-லும் 250-லும் சுட்டுப் பார்த்து, கிடைத்த எண்களை எழுதி ரைபிள் கட்டையில் ஒட்டிவையுங்கள்.

ஸ்கோப்பை நம்பலாமா என்று அறிய ஒரு சோதனை: ஒரே புள்ளியைக் குறிவைத்து ஒரு குண்டு. பிறகு 20 கிளிக் மேலே, 20 வலது, 20 கீழே, 20 இடது, ஒவ்வொரு திருப்பலுக்கும் ஒரு குண்டு. தாளில் சதுரம் விழ வேண்டும், கடைசிக் குண்டு முதல் குண்டின் அருகே வர வேண்டும். வராவிட்டால் ரிங்கை மறுபடி சோதித்து இன்னொருமுறை செய்யுங்கள். அப்போதும் வராவிட்டால் உத்தரவாதம் முடியும் முன் ஸ்கோப்பைத் திருப்பிக் கொடுங்கள்.

காட்டில் தேடுவதற்கு 8×42 பைனாகுலர் ஒன்று கழுத்தில் தொங்கட்டும். ஸ்கோப்பால் எதையாவது பார்த்தால் குழலும் அதையே பார்க்கிறது. புதருக்குள் அசைவது மானா, இன்னொரு வேட்டைக்காரரா என்பது பைனாகுலரில் தெரிந்த பிறகே ரைபிள் தோளுக்கு வர வேண்டும். நடக்கும்போது மடங்கு வளையம் எப்போதும் 2-லேயே இருக்கட்டும். தொலைவில் மான் தெரிந்தால் கூட்டிக்கொள்ள நேரம் இருக்கும், காலடியில் எழுந்தால் குறைக்க நேரம் இருக்காது.